இருபத்தைந்தாம் தேதி வரை ஒழுகட்டும்

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பதில் சோளக்காட்டுப்பட்டி சபையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. எந்த ஏழைக்கு, யார் கையால், எந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு என்பதில்தான் கருத்துகள் இருந்தன.

கடம்பூருக்கும் கயத்தாறுக்கும் நடுவில், ரயிலும் நிற்காமல் பைபாஸும் தொடாமல் கிடக்கிற கரிசல் ஊர் அது. சபையின் செயலாளர் ஞானசிகாமணி வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அலுவலகம் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. வீட்டில் ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால்கூட, "ரசம் தொடர்பாக" என்றுதான் மனைவியிடம் ஆரம்பிப்பார்.

முந்தின வருஷம் சபையில் ஓர் அம்மாளுக்குச் சேலை கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே கயத்தாறுக்காரர் ஒருவர், "இவிய வீட்லதான் நான் வாடகைக்கு இருக்கேன்" என்று எழுதிவிட்டார். ஞானசிகாமணிக்கு அது ஆறாத அவமானம். இனிமேல் தகுந்த விசாரணையின்றி எந்த ஏழைக்கும் எதுவும் வழங்கப்படமாட்டாது என்று அறிவித்தார்.

குருவானவர் தானியேல் ஐயா இளவயசுக்காரர். கொடுப்பதை ரகசியமாகக் கொடுக்க வேண்டும் என்று நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். சபையார் கண்கலங்கக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும், ரகசியமாகக் கொடுப்பதை எப்படி விளம்பரப்படுத்துவது என்று ஆராய ஓர் உபகமிட்டி அமைத்தார்கள்.

உபகமிட்டி ஊரைச் சுற்றி வந்தது. ஊரில் ஏழைகள் இருந்தார்கள். முறையான ஏழைகள்தான் கிடைக்கவில்லை. ஒருவர் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் வீட்டில் முட்டை வெந்துகொண்டிருந்தது. சகல தகுதியும் உடைய ஒரு பெரியவர், கமிட்டி உள்ளே நுழைந்த நேரத்தில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்ததால் விடப்பட்டார்.

கடைசியில் மேற்குக் கோடியில் வெயிலுகந்தம்மாள் அகப்பட்டாள். புருஷன் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற வேலை, அதாவது மருந்தில் முக்குவதற்குக் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது. ஒரே மகள் முத்துசெல்வியைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தாள். மண் சுவர் வீடு. மேலே ஓடு. அடுப்புக்கு நேர் மேலே ஓடுகள் போய், ஒரு ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஓட்டை. மற்ற இடங்களிலும் ஓடு விலகிக் கிடந்தது. ஞானசிகாமணி அந்த ஓட்டைக்குக் கீழே நின்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தார். அதிகாரிகளுக்கே உரிய மிதமான குரலில், "திருப்தி" என்றார். அவள் வேதக்காரி இல்லை என்பதும் கூடுதல் தகுதியாகக் கொள்ளப்பட்டது. மதம் பார்க்காத அன்பு ஃபிளெக்ஸில் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று உபகமிட்டி கருதியது.

கொடுக்கிறவரும் கிடைத்தார். இதே ஊரில் பிறந்து திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற செல்வின் துரை. வீடு முழுவதற்கும் தகரக் கூரை தருவதாகவும், பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் தன் கையாலேயே வழங்குவதாகவும் ஒப்புக்கொண்டார். தகரத்தை டிசம்பர் பிறந்ததுமே லாரியில் அனுப்பிவிட்டார். அது பாடகர் குழு அறையில் அடுக்கி வைக்கப்பட்டது. அன்றிலிருந்து பாடகர்கள் கீழ்ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் தகரமும் சேர்ந்து பாடியது.

ஊருக்குச் சாலை பிரிகிற கடம்பூர் விலக்கிலிருந்து ஊர் வரைக்கும் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் செல்வின் துரை சிரித்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் வெயிலுகந்தம்மாள் சிரிக்காமல் இருந்தாள். சிரிக்காமல் இருப்பதற்காகப் படத்தை நாலைந்து தடவை எடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் மழை வந்தது.

மழை என்றால், பாசிப் பயறு போட்டவன் சந்தோஷப்பட்டு, பிறகு கவலைப்பட்டு, பிறகு எதுவும் படாமல் உட்கார்ந்துவிடுகிற மழை. வெயிலுகந்தம்மாளின் அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. அதே வாரத்தில் முத்துசெல்விக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் அழுதாள். ஒழுகுகிற வீட்டுக்குப் பச்சைப் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டாள். சம்பந்தி சொன்னதில் வெயிலுகந்தம்மாளுக்கும் குறை காண முடியவில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு நடந்தாள்.

"தகரந்தான் வந்துட்டே சார். இப்பமே போட்டுத் தந்தீங்கன்னா எம் பேரன் வந்து கெடப்பான்."

"இப்பமே போட்டுட்டா, இருபத்தஞ்சாந் தேதி செல்வின் அண்ணாச்சி வந்து எதைம்மா போடுவாரு?"

"மழ இப்பம்லா பெய்யுது."

"பண்டிக அப்பந்தான வருது."

அவள் திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டு மாரிசெல்வம் கொத்தனார். அவள் வீட்டுக்குள் குடத்தையும் சட்டியையும் பரத்தி வைத்திருப்பதைப் பார்த்து, தன்னிடம் கிடந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து ஓட்டையின் மேல் கட்டிக் கொடுத்தான். ஒரு காபிகூட வாங்கிக் குடிக்கவில்லை.

செய்தி எட்டியதும் உபகமிட்டி முழுவதும் குடையோடு ஓடி வந்தது. ஓட்டையை மூடிவிட்டால் ஏழ்மை எங்கே இருக்கிறது, சிறப்பு விருந்தினர் எதை வந்து பார்ப்பார் என்று ஞானசிகாமணி மாரிசெல்வத்திடம் வருத்தத்தோடு விளக்கினார். இன்றைய தேதியில் அந்த ஓட்டை சபையின் பொறுப்பில் இருக்கிறது, அதில் கை வைக்க வெளியாளுக்கு அதிகாரம் இல்லை என்றார். பிறகு தார்ப்பாய் மரியாதையாக அவிழ்க்கப்பட்டு, மடிக்கப்பட்டு, நன்றியுடன் திருப்பித் தரப்பட்டது. மழை பழையபடி உள்ளே விழுந்தது. எல்லாம் முறைப்படி இருந்தது.

வெயிலுகந்தம்மாள் அடுப்பில் நின்ற தண்ணீரைச் சட்டியில் மொண்டு வாசலில் ஊற்றினாள்.

"அப்பம் எனக்கு இந்தக் கூர வேண்டாம் சார். வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

உபகமிட்டி விதிகளைப் புரட்டியது. ஏழையைத் தேர்ந்தெடுக்க விதி இருந்தது. நிராகரிக்க விதி இருந்தது. ஏழை ராஜினாமா செய்வாள் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. விலக்கு வரைக்கும் ஃபிளெக்ஸில் அவள் முகம் இருக்கிறது. மேடையில் வேறு முகத்தை நிறுத்தினால், மறுபடியும் யாராவது கீழே எதையாவது எழுதிவிடுவார்கள். ஞானசிகாமணி தன் உத்தியோக காலத்தில் யாரிடமும் பேசாத குரலில், என்ன செய்தால் தொடர்ந்து ஏழையாக இருக்கச் சம்மதிப்பாள் என்று கேட்டார்.

"கூர ஏறுத வரைக்கும் எம்மேல ஒரு சொட்டு விழக் கூடாது. என்ன செய்வீங்களோ, ஏது செய்வீங்களோ" என்றாள் அவள்.

அன்று மாலை அவசரக் கூட்டம் நடந்தது. கூரையின் தற்போதைய நிலையில் யாதொரு மாற்றமும் செய்யாமல், அதே சமயம் பயனாளி நனையாதிருக்கும் பொருட்டு, சபையார் முறை வைத்து அவ்வீட்டினுள் குடை பிடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

மறுநாளிலிருந்து குடை ஊழியம் தொடங்கியது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அடுப்புக்குக் குடை பிடித்தார். வங்கி மேலாளர் பாய்க்குப் பிடித்தார். வெயிலுகந்தம்மாள் வீட்டுக்குள் நடந்தால் ஒருவர் பின்னாலேயே குடையோடு நடந்தார். அவள் குனிந்து உலை வைத்தால் குடையும் குனிந்தது. தானியேல் ஐயா தம் முறை வந்தபோது ஒரு கையில் குடையும் மறுகையில் வெங்காயமுமாக உட்கார்ந்து, உரித்தும் கொடுத்தார். ஏணி வைத்து ஏறி அந்தத் தகரத்தை இப்போதே போட்டுவிடலாமே என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். யோசனை பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தெருவுக்குள்ளேயே அதற்கு முன் வந்ததில்லை. வந்த பிறகு போக மனமில்லை. வெயிலுகந்தம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் கதைகளைச் சொன்னால் நேரம் போவதே தெரியாது. முறை முடிந்தவரும் உட்கார்ந்திருந்தார். குடை பிடிக்கிறவர்கள் பசித்திருக்கக் கூடாது என்று வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. குடைக்காரர்களை வைத்துக்கொண்டு வீட்டுக்காரி பட்டினி கிடக்க முடியாது என்று அவளுக்கும் வந்தது. தினமும் ஒருவர் கடம்பூர் போளி வாங்கி வந்தார். நெய் போளி.

இதன் பின்விளைவை ஞானசிகாமணிதான் முதலில் கவனித்தார். ஒரு நாள் ஃபிளெக்ஸையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பயனாளியின் கன்னங்கள் அங்கீகரிக்கப்பட்ட அளவுக்கு மேல் போய்விட்டதாகக் கவலை தெரிவித்தார். போளி நிறுத்தப்பட்டது. வெயிலுகந்தம்மாள் ராஜினாமாவைப் பற்றி லேசாக இருமினாள். போளி மறுபடி வந்தது. பண்டிகையன்று மேடையில் மட்டும் கன்னத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதாக அவள் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டாள்.

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் குடை பிடிப்பதை வீடியோ எடுத்துப் போட, அது பரவிவிட்டது. கயத்தாறிலிருந்தெல்லாம் இளவட்டங்கள் பைக்கில் வந்தார்கள். வண்ண வண்ணக் குடைகள் வந்தன. மழை விட்ட நாளிலும் வரிசை நின்றது. வெயிலுகந்தம்மாளுக்குக் குடை பிடிக்காத பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் முன் பேச்சே எடுபடவில்லை என்கிற நிலைமை வந்தது.

அந்தப் புகழ் தீப்பெட்டி ஆபீசையும் எட்டியது. முதலாளி ராமசுப்பு அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவள் கட்டை அடுக்கக் கூடாது என்று அவளைக் கண்காணிப்பாளர் ஆக்கப் போவதாகச் சொன்னார். உபகமிட்டி பதறியடித்து ஆபீசுக்குப் போனது. பண்டிகைக்கு முன்னால் அவளுக்கு எந்த நல்லதும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டது.

"நல்லது செய்யப் போறவன வேண்டாங்குதீங்களே" என்றார் ராமசுப்பு.

"தாராளமாச் செய்யுங்க அண்ணாச்சி. இருபத்தாறாந் தேதி செய்யுங்க" என்றார் ஞானசிகாமணி.

ராமசுப்பு வேதக்காரர்களின் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று எண்ணி, கைகூப்பி ஒப்புக்கொண்டார்.

பண்டிகை வந்தது. அன்று பார்த்து ஒரு மேகம் இல்லை. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. ஆராதனை முடிந்ததும் செல்வின் துரை பெரிய காரில், படம் எடுக்கிறவர்கள் சூழ வெயிலுகந்தம்மாள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பாடகர் குழு பாடியது. தகரம் இல்லாமல் பாட்டில் ஏதோ குறைவதுபோல் இருந்தது.

செல்வின் துரை வீட்டுக்குள் போனார். ஓட்டையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஓட்டை இருக்கிறது, ஒழுகவில்லையே என்றார். முதலில் ஒழுகுவதையும் பிறகு ஒழுகாததையும் காட்டினால்தான் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு உருகும் என்று படக்காரர்களும் சொன்னார்கள். விருந்தினர் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறார். மழை மட்டும் வரவில்லை. ஞானசிகாமணி யோசித்தார். தண்ணீர் லாரி ஒன்று வரவழைக்கப்பட்டது.

எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு, குழாயை ஓட்டைக்குத் திருப்பினார்கள். முதல் தடவை வெளிச்சம் சரியில்லை. இரண்டாம் தடவை யாரோ குறுக்கே போய்விட்டார். வேறு பக்கத்திலிருந்தும் ஒருமுறை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அந்தச் சுவர் மழைக்குப் பழகிய சுவர். லாரித் தண்ணீருக்குப் பழகவில்லை. மெதுவாக, வயசான ஆள் உட்காருகிற மாதிரி, மேற்குச் சுவர் கீழே உட்கார்ந்தது. அதைப் பார்த்து வடக்குச் சுவரும் உட்கார்ந்தது. ஓட்டை போய்விட்டது. ஓட்டையைச் சுற்றியிருந்த கூரையும் போய்விட்டது.

நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. செல்வின் துரை நெஞ்சுருகப் பேசினார். தகரத்தை வழங்கினார். படம் பிரமாதமாக வந்திருந்தது. அவர் காரில் ஏறிப் போன பிறகு, அந்தத் தெருவில் சேறும் தகரமும் வெயிலுகந்தம்மாளும் மிச்சமிருந்தார்கள். அவள் கன்னத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கவில்லை. ஆனால் ஃபிளெக்ஸில் இருந்த முகம் தானாக வந்திருந்தது.

"இந்தக் கூரைய நான் எதுமேல வைக்கட்டும் சார்?" என்று கேட்டாள்.

நன்கொடை கூரை என்ற தலைப்பின்கீழ் பெறப்பட்டது என்றும், சுவர் என்பது தனித் தலைப்பு என்றும், அதை அடுத்த ஆண்டு பண்டிகைக்குப் பரிசீலிக்கலாம் என்றும் ஞானசிகாமணி விளக்கினார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெயிலுகந்தம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. கூரை ஏறுகிற வரைக்கும் தன்மேல் சொட்டு விழாமல் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு என்று நினைவுபடுத்தினாள். கூரை இன்னும் ஏறவில்லை. இன்றைக்குக் குடைமுறை யாருடையது என்று கேட்டாள். செயலாளருடையது. வெட்டவெளியில் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு நிற்கச் சாருக்குக் கை வலிக்கும் என்றாள். சேற்றிலிருந்து தன் டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்துத் தலையில் வைத்துக்கொண்டு, நேரே ஞானசிகாமணி வீட்டுக்கு நடந்து, முன்னறையில் இறக்கினாள். விதிப்படி அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

இரண்டு நாளில் முத்துசெல்வி பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். ஒழுகாத வீடு என்பதால் மாமியார் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்க மாமியாரும் வந்தாள். மாமியாரோடு அவள் தங்கச்சிமார் வந்தார்கள். பேறுகால மருந்து இடிக்கும் சத்தத்தில் செயலாளருக்குப் பகல் தூக்கம் போயிற்று. பிள்ளைக்குக் காற்று ஆகாது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். அவர் சாய்வு நாற்காலியின் மேல் பிள்ளையின் துணிகள் காய்ந்தன. ராமசுப்பு அண்ணாச்சி வாக்குத் தவறாமல் இருபத்தாறாம் தேதியே வெயிலுகந்தம்மாளைக் கண்காணிப்பாளர் ஆக்கியிருந்ததால், அவள் தினமும் காலையில் ஞானசிகாமணியின் மனைவியையும் கொஞ்சம் கண்காணித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

பிப்ரவரியில், எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, ஞானசிகாமணி செங்கல்லும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மேற்குக் கோடிக்குப் போனார். ஃபிளெக்ஸ் இல்லை, ரிப்பன் இல்லை, விருந்தினர் இல்லை. மாரிசெல்வம் கரண்டியை எடுத்தான். தலைமையாசிரியர் மண் சலித்தார். வங்கி மேலாளர் தண்ணீர் சுமந்தார். தானியேல் ஐயா செங்கல் எடுத்துக் கொடுத்தார். சுவர் எழும்பியது, தகரம் ஏறியது, வெயிலுகந்தம்மாள் பெட்டியோடும் மகளோடும் பேரனோடும் குடிபோனாள். தாம் பார்த்ததிலேயே நல்ல கிறிஸ்துமஸ் இதுதான் என்று தானியேல் ஐயா அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். மாதம் தவறிப் பேசுகிறார் என்று சபையார் கவலைப்பட்டார்கள்.

ஆனால் ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கூரையில் ஓர் ஓட்டை இருந்தவளுக்கு வங்கி மேலாளர் குடை பிடித்தார், தினம் நெய் போளி வந்தது, உத்தியோகம் உயர்ந்தது, செங்கல் சுவர் எழும்பியது. அடுத்த நவம்பர் வந்தபோது மாரிசெல்வத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. எல்லாரும் கூரையில் ஓட்டை போட்டுத் தரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஓட்டையைப் பார்த்துவிட்டு அதைவிட ஒரு சாண் கூட வேண்டும் என்றார்கள். காங்கிரீட் வீட்டுக்காரர்கள் மிஷின் வைத்து அறுத்தார்கள். தலைமையாசிரியர் வட்ட வடிவில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷம் நாம்தானே கொடுத்தோம், ஒரு வருஷமாவது போளி சாப்பிடுவோம் என்று செயலாளர் வீட்டு அம்மாவும் கேட்டுவிட்டாள். ஞானசிகாமணி அடுப்பங்கரைக்கு மேலே, அளவெடுத்து, ஓரங்களுக்குச் சிமெண்ட் பூசி, ஒழுங்கான ஓர் ஓட்டை போட்டுக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் புயல் சின்னம் உருவாகி மழை கொட்டியது. ஊர் முழுவதும் ஒழுகியது. குடை பிடிக்க யாரும் வரவில்லை. வர வேண்டியவர்கள் எல்லாரும் அவரவர் ஓட்டைக்குக் கீழே வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பகல் முழுக்க நனைந்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக, ஊரில் ஒழுகாமல் இருந்த ஒரே வீட்டுக்கு ஓடினார்கள்.

வெயிலுகந்தம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தலை துவட்டத் துணி கொடுத்தாள். பெரிய பானையில் கடுங்காப்பி போட்டாள். பேரன் அத்தனை மனிதரையும் பார்த்துக் கையைத் தட்டினான்.

உள்ளே ஈரம் சொட்டச் சொட்ட நெருக்கி நின்றபோதுதான், கமிட்டி உறுப்பினர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதை ஞானசிகாமணி கவனித்தார். கூட்டம் நடத்த இது போதும். காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் பேசினார். ஒரு ஊரையே வீட்டுக்குள் வைத்துக் காபி கொடுக்கக்கூடிய வசதி படைத்தவர் என்ற வகையில், இவ்வாண்டுப் பண்டிகையின் சிறப்பு விருந்தினராக இருந்து, ஏழைகளுக்கு உதவி வழங்குமாறு வெயிலுகந்தம்மாளைச் சபை கேட்டுக்கொள்கிறது என்றார். எல்லாரும் ஆமோதித்தார்கள்.

வெயிலுகந்தம்மாள் பானையை இறக்கி வைத்தாள். அவளுக்கும் மனசுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஃபிளெக்ஸில் இந்தத் தடவை சிரிக்கலாமா என்று கேட்டாள். சிரிக்கலாம் என்றார்கள்.

"வாரேன் சார். யாருக்குக் கொடுக்கணும்?" என்றாள்.

வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் செயலாளர்.